சுவர், தாள், ஃபிளெக்ஸ், கம்பம்: மதுரையில் கட்சி விளம்பர விதிகள் வளர்ந்த வரலாறு

விளாங்குடியிலும் பழங்காநத்தம் பகுதியிலும் கட்சிக் கொடிக்கம்பம் நட அனுமதி வேண்டும் என்று அதிமுகவைச் சேர்ந்த சிலர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார்கள். 2025 ஜனவரி 27 அன்று நீதிபதி ஜி.கே. இளந்திரையன் தீர்ப்பளித்தார். அனுமதி மறுக்கப்பட்டது. அதோடு, தமிழ்நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளிலும் உள்ளாட்சி நிலங்களிலும் பிற பொது இடங்களிலும் நிற்கும் கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரங்களுக்குள் அகற்ற வேண்டும் என்றும் உத்தரவானது. இரண்டு தெருமுனைகளைப் பற்றிய கேள்வி ஒரு மாநிலத்தின் கேள்வியாக மாறிய கதை இது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது.

மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் கட்சி விளம்பரங்களை எங்கே வைக்கலாம், யாரைக் கேட்டு வைக்கலாம் என்ற விதிகள் எப்படி உருவாகின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த ஊரில் விதிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்பதுதான் இதன் வாதம். சுண்ணாம்புக்கு ஒரு சட்டம், தாளுக்கு ஒரு பிரிவு, ஃபிளெக்ஸுக்கு ஒரு விதித்தொகுப்பு, இரும்புக் கம்பத்துக்கு ஒரு தீர்ப்பு என்று விளம்பரப் பொருள் மாறியபோதெல்லாம் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. ஆனால் தெருவுக்கு மிக அருகில் இருக்கும் நகராட்சியின் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் நிலைத்திருக்கவில்லை. அது ஆட்சியர் அலுவலகத்துக்கும், தேர்தல் ஆணையத்துக்கும், கடைசியில் நீதிமன்றத்துக்கும் போனது.

பெட்டியின் நிறத்திலிருந்து சின்னத்துக்கு

மதுரை நகராட்சி 1866 இல் அமைந்தது. 1971 மே மாதம் மாநகராட்சியாகும் வரை, சுமார் அரை நூற்றாண்டு காலம் 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே இந்நகரை ஆண்டது. அரசியல் விளம்பரம் என்ற ஒரு வகையையே அந்தச் சட்டம் அறியாது. தெருவை ஆக்கிரமிக்கக் கூடாது. திருவிழாக் காலங்களில் தெருவில் பந்தல் போட வேண்டுமானால் உரிமம் பெற வேண்டும் என்ற அளவில்தான் அதன் பார்வை இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதிகளை ஒழுங்குபடுத்த அது போதுமானதாக இருந்திருக்கும். வாக்குக் கேட்கும் கட்சி அந்தத் தெருவுக்கு வரப்போகிறது என்பதை அது எதிர்பார்க்கவில்லை.

1937 தேர்தலில் வேட்பாளர்களை வாக்காளர் அடையாளம் கண்டது பெட்டியின் நிறத்தால். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. அன்று வாக்குரிமை சிலருக்கே இருந்ததால் மேடைப் பேச்சும் துண்டறிக்கையும் போதுமானவையாக இருந்தன. 1952 இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. சென்னை மாகாணத்தில் அப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962 பொதுத்தேர்தலில் பரவலானபோதும் சின்னமே வாக்காளரின் வழிகாட்டியாக நீடித்தது. சின்னத்தை மனத்தில் பதிக்க வேண்டுமென்றால் அதைத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட வைக்க வேண்டும். அதற்கு மிக மலிவான இடம் அடுத்தவர் வீட்டுச் சுவர்.

இதற்கு மதுரைப் பகுதியே தரும் சான்று 1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1985 இல்தான். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி தன் முதல் நாடாளுமன்றத் தேர்தலை ஏழு மாதங்களில் சந்தித்தது. வேட்பாளர் மாயத்தேவர் தேர்ந்துகொண்ட சின்னம் இரட்டை இலை. அதற்கு முன் அந்தச் சின்னத்துக்கு இங்கே எந்த அரசியல் பொருளும் கிடையாது. ஓர் ஓவியர் நான்கைந்து வீச்சில் வரைந்துவிடக்கூடிய உருவம் அது, திமுகவின் உதயசூரியனும் அப்படியே. தமிழ்நாட்டில் நிலைத்த இரு பெரும் சின்னங்களும் சுவரில் எளிதாக ஏறக்கூடியவையாக இருந்ததைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

1959: என்ன எழுதியிருக்கிறது, யார் சுவர்?

இன்றும் தேர்தல் காலச் செய்திக்குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் சட்டம், 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அழகு சீர்குலைவுத் தடுப்புச் சட்டம். பெயரைக் கேட்டால் சுவரின் அழகைக் காக்க வந்ததாகத் தோன்றும். மூல வடிவில் அது முதன்மையாகக் குறிவைத்தது ஆட்சேபத்துக்குரிய வாசகங்களை: வன்முறையைத் தூண்டுவது, பகையை மூட்டுவது, ஆபாசமானது. அதாவது சட்டம் முதலில் கேட்ட கேள்வி ‘என்ன எழுதியிருக்கிறது?’ என்பதுதான். உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம் என்ற நிலை பின்னாளில் செய்யப்பட்ட திருத்தத்தால் வந்தது. அப்போதுதான் கேள்வி ‘யாருடைய சுவர்?’ என்று மாறியது.

இந்த ஒப்புதல் என்ற சொல்லை உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் வைத்துப் பார்க்க வேண்டும். தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே சாலையோரச் சுவர்களுக்கு வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரின் சுருக்கத்தையும் ஆண்டையும் எழுதி வைத்துவிடுவார்கள். சுவர் பிடித்தாயிற்று என்று அதற்குப் பொருள். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்த அந்தத் தளத்தில் மற்றக் கட்சிக்காரர் கைவைத்தால் தகராறு. வேட்பாளர் அறிவிக்கப்பட்ட பிறகு ஓவியர் வந்து பெயரையும் சின்னத்தையும் நிரப்புவார். அடியில் தன் ‘ஆர்ட்ஸ்’ பெயரை எழுதிவிட்டுப் போவார். இந்த வரிசையில் வீட்டுக்காரர் எங்கே வருகிறார்? கிளைச் செயலாளர் அதே தெருக்காரர்; பெரும்பாலும் பங்காளியோ மாமன் மச்சானோ. ‘எழுதிக்கிறோம்ணே’ என்ற ஒரு சொல்லோடு ஒப்புதல் முடிந்துவிடும். எழுத்துமூலம் கேட்பது உறவை அவமதிப்பதாகிவிடும். மறுப்பது அதைவிடப் பெரிய விஷயம். சட்டம் வீட்டுக்காரரைப் பாதுகாக்க முனைந்தது உண்மை. மறுக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும் என்பதை மட்டும் அது யோசிக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் லேடியூ என்ற சிறு நகரம், வீட்டு முகப்பில் அறிவிப்புகள் வைப்பதைத் தடுத்தது. வளைகுடாப் போருக்கு எதிராகத் தன் வீட்டில் வாசகம் வைத்த ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1994 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. தன் வீட்டில் தன் கருத்தைச் சொல்வது தனிச்சிறப்பான உரிமை என்றது. அங்கே வீட்டு வாசலில் நிற்கும் பலகை வீட்டுக்காரரின் குரல். மதுரைச் சமவெளியில் சுவரில் இருப்பது கட்சியின் குரல். சுவர் மட்டுமே வீட்டுக்காரருடையது. ஆகவே பேச்சுரிமை பற்றிய வெளிநாட்டு வாதங்களை அப்படியே இங்கே எடுத்து வைப்பது பொருந்தாது.

தாளின் அடியில் பொடி எழுத்து

போஸ்டருக்கு வேறு சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961 இல் சேர்க்கப்பட்ட 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. வெளியிடுபவர் தன்னை அறிந்த இருவரின் சான்றொப்பத்தோடு உறுதிமொழி தர வேண்டும். அச்சகம் அதன் படியையும் சுவரொட்டியின் படியையும் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரைப் பற்றி ஒரு சொல்கூட இதில் இல்லை. இந்தப் பிரிவு தேடுவது பொறுப்பாளியை.

மதுரையில் இது ஏன் முக்கியம் என்றால், இந்நகரின் போஸ்டர்களில் பெரும்பங்கு தேர்தலோடு தொடர்பில்லாதது. பிறந்தநாள், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை, உட்கட்சிச் சண்டை என எல்லாவற்றுக்கும் இங்கே போஸ்டர் உண்டு. மைதாப் பசையில், மாடு ஆடு தின்னாமலிருக்க மயில்துத்தம் கலந்து, இரவில் வாளியும் கையுமாகக் கிளம்பி விடியுமுன் ஒட்டி முடிப்பார்கள். 1990களில் மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், தமிழ் மேடைப் பேச்சையும் தலைவர்களைப் போற்றும் அச்சு வாசகங்களையும் ஒரே அழகியலின் இரு முகங்களாகக் கண்டார். அவர் பார்வை சரியானது என்றே கருதுகிறேன். இந்தப் போஸ்டர்களில் பலவும் வாக்காளரைப் பார்த்துப் பேசுவதில்லை. தலைவரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஒட்டப்படுகின்றன.

2014 ஜனவரி இதைத் தெளிவாகக் காட்டியது. திமுகவைச் சேர்ந்த மு.க. அழகிரியின் ஆதரவாளர்கள் மதுரையில் ஒட்டிய சுவரொட்டிகள் திமுக தலைமையைச் சினங்கொள்ள வைத்தன. மாதத் தொடக்கத்தில் கட்சியின் மதுரை மாநகர அமைப்பே கலைக்கப்பட்டது. அதே மாதம் 24 ஆம் தேதி அழகிரி இடைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு போஸ்டர் மீது 1959 சட்டம் எடுத்திருக்கக்கூடிய எந்த நடவடிக்கையையும்விடக் கடுமையான, விரைவான நடவடிக்கையைக் கட்சியே எடுத்தது. கட்சித் தலைமை நினைத்தால் சுவர்கள் ஒரே நாளில் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

127ஏ பிரிவு தேர்தல் சுவரொட்டிக்கு மட்டுமே பொருந்தும். மற்றக் காலங்களில் அச்சகத்தின் பெயரைக் கட்டாயமாக்கியது 1867 ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம். அதற்குப் பதிலாக வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டுமே கையாள்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக இருந்த ஓர் அடையாளக் கடமை, தெருவில் யாரும் கவனிக்காமல் நழுவிவிட்டது.

ஃபிளெக்ஸ்: ஆபத்து சட்டத்துக்குள் வந்த காலம்

ஒட்டுப்பலகைக் கட்அவுட்டும் துணி பேனரும் ஓவியரின் நேரத்தைக் கேட்டன. 2000க்குப் பின் பரவிய டிஜிட்டல் அச்சு அந்தத் தடையை நீக்கியது. மாலையில் கொடுத்தால் காலையில் சவுக்குக் கட்டையில் ஏறிவிடும். விலை சரிந்தது, ஓவியர்கள் தொழிலை இழந்தார்கள், வட்டச் செயலாளர் முதல் வார்டு உறுப்பினரின் மைத்துனர் வரை எல்லோர் முகமும் தெருவுக்கு வந்தது.

விதிகளும் வந்தன. 1990களின் இறுதியில் நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு விளம்பரப் பலகைகளுக்கு உரிமம் கட்டாயமானது. உரிமம் வழங்கும் அதிகாரம் நகராட்சியிடம் தரப்படவில்லை. மாவட்ட ஆட்சியருக்குத் தரப்பட்டது. விளம்பர நிறுவனங்கள் இதை எதிர்த்துச் சென்ற நோவா ஆட்ஸ் வழக்கில் 2008 இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. பின் 2011 இல் டிஜிட்டல் பேனர்களுக்கென்றே தனி விதிகள்: குறுகிய நாட்களுக்கு மட்டும் அனுமதி, காவல் துறையின் தடையின்மைச் சான்று, அனுமதி எண்ணும் காலமும் பேனரின் அடியிலேயே அச்சிடப்பட வேண்டும். படிக்கும்போது குறை சொல்ல முடியாத விதிகள்தான்.

அப்படியும் மரணங்கள் நிகழ்ந்தன. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக நின்ற அலங்கார வளைவில் மோதி ஓர் இளம் பொறியாளர் இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அதிமுக பிரமுகர் ஒருவர் தன் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் 23 வயதுப் பெண் ஒருவர்மீது விழுந்தது; பின்னால் வந்த லாரி அவர்மீது ஏறியது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 2018 டிசம்பர் 19 அன்று, சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி தொடுத்த வழக்கில் அரசியல் கட்சிகள் பேனர் வைக்க உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. தடை நடப்பில் இருக்கும்போதே அந்தப் பெண் இறந்தார். அதன் பிறகுதான் கட்சிகள் ‘பேனர் வைக்க மாட்டோம்’ என்று நீதிமன்றத்தில் உறுதிமொழி தாக்கல் செய்தன.

இந்த இரு நிகழ்வுகளிலும் ஒரு சட்டப் பாடம் இருக்கிறது. ஒன்று அரசு விழா, மற்றொன்று கட்சிக்காரர் வீட்டுத் திருமணம். இரண்டிலும் யாரும் வாக்குக் கேட்கவில்லை. ‘தேர்தல் விளம்பரம்’ என்ற சட்டச் சொல் பிடிக்கக்கூடியது, தெருவில் இருப்பதில் மிகச் சிறு பகுதியைத்தான்.

மன்ற உறுப்பினர்களும் பேனர் வைப்பவர்களும் ஒரே ஆட்கள் என்பதால்தான் நகராட்சி செயல்படவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அதில் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டின் நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, மீண்டும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகள் அதிகாரிகளே நிர்வகித்தார்கள். மேற்சொன்ன இரண்டு மரணங்களும் அந்தக் காலத்தில் நிகழ்ந்தவை. எனவே பழியை மன்றத்தின்மீது மட்டும் போட முடியாது. ஆளுங்கட்சியின் பேனரைக் கழற்றச் சொல்லி ஊழியரை அனுப்பும் அதிகாரிக்கு மறுநாள் யார் துணை நிற்பார்கள் என்பதே அடிப்படைக் கேள்வி.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை விழிக்கும் சட்டம்

அந்தத் துணை ஒரே ஒரு காலத்தில் கிடைக்கிறது: தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் வாரங்களில். 2006 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் 1959 சட்டத்தைக் கையிலெடுத்து நகர்ப்புறச் சுவரெழுத்துகளைக் கடுமையாகத் தடுத்தது. புதுச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பினார்கள், அவ்வளவுதான். இன்றைய நடைமுறைப்படி தேர்தல் அறிவிப்பு வந்ததும் அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்துக்குள், பிற பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள், தனியார் இடங்களில் அனுமதியின்றி இருப்பவற்றை 72 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். சி-விஜில் செயலியில் படமெடுத்து அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. ஒவ்வொரு பலகையின் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறும். 2022 முதல் அந்த வரம்பு மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம்.

மற்ற நாட்களில் முடியாதது இந்த நாட்களில் முடிகிறது என்பதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: குறை ஆள்பலத்திலோ கருவியிலோ இல்லை. கழற்றும் ஊழியர்கள் அதே மாநகராட்சி ஊழியர்கள். ஏணியும் லாரியும் அவையேதான்.

நகரம், கிராமம் என்ற பாகுபாடு மதுரையில் விசித்திரமான விளைவைத் தந்தது. தேர்தல் காலத்தில் நகர்ப்புறத்தில் சுவரெழுத்து அறவே கூடாது; கிராமப்புறத் தனியார் சுவரில் உரிமையாளரின் ஒப்புதலோடு எழுதலாம். 2011 இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும், விளாங்குடி, திருநகர், ஹார்விபட்டி பேரூராட்சிகளும், 11 ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்து வார்டுகள் 72 இலிருந்து 100 ஆயின. இணைந்த ஊராட்சிகளில் அதுவரை வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் எழுதலாம் என்றிருந்த சுவர், எல்லைக்கோடு நகர்ந்த காரணத்தால் எழுதக் கூடாத சுவரானது. வீடும் வீட்டுக்காரரும் மாறவில்லை.

கம்பம்

சுவரும் பேனரும் கண்காணிப்புக்குள் வந்தபின் கட்சிகளின் ஊர் இருப்பைக் காட்ட எஞ்சிய நிரந்தர அடையாளம் கொடிக்கம்பம். ஃபிளெக்ஸ் கிழியும், போஸ்டர் மழையில் கரையும். சிமென்ட் பீடத்தில் நின்ற கம்பம் தலைமுறை கடந்து நிற்கும். எந்தக் கம்பம் முதலில் நடப்பட்டது, எது உயரமானது என்பதில் கட்சிகளின் மானம் மட்டுமன்றி, பல ஊர்களில் சாதிகளின் மானமும் அடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் மதுரை அருகே வெளிச்சநத்தத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் 45 அடிக் கொடிக்கம்பம் ஏற்றப்பட்டதைத் தொடர்ந்து வருவாய்த் துறை ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டபோது அக்கட்சி எழுப்பிய கேள்வியை நியாயமானதாகவே கருதுகிறேன்: நூற்றுக்கணக்கான கம்பங்கள் அனுமதியின்றி நிற்கும் ஊர்களில் எங்கள் கம்பத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு சட்டம்? காலங்காலமாகப் பொதுவெளி மறுக்கப்பட்டவர்களுக்குக் கம்பம் நடுவது தெருவில் தமக்கும் இடமுண்டு என்று சொல்வதாகும். அதிகாரி தன் விருப்பப்படி பயன்படுத்தும் விதி, ஏற்கெனவே அங்கே வேரூன்றியவருக்கே சாதகமாக முடியும்.

2025 ஜனவரித் தீர்ப்பு அந்தப் பாகுபாட்டை ஒரே அடியில் நீக்க முயன்றது: எல்லோருடையதும் போக வேண்டும், இனித் தனியார் பட்டா நிலத்தில் மட்டும் உரிய அனுமதியோடு நடலாம், அதற்கு அரசு நெறிமுறை வகுக்க வேண்டும். மார்ச்சில் நீதிபதிகள் நிஷா பானு, ஸ்ரீமதி அமர்வு அதை உறுதிசெய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் திமுக நிர்வாகி ஒருவரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மேல்முறையீட்டைத் தொடர்ந்து விவகாரம் மதுரைக் கிளையின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வுக்குச் சென்றது. இதற்கிடையே விளம்பரப் பலகைகளுக்கு உரிமம் தரும் அதிகாரம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் ஆணையரிடம் வந்திருக்கிறது. ஆட்சியரிடம் சென்றிருந்தது நகராட்சி அலுவலகத்துக்கே திரும்பியிருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு அல்ல.

ஜப்பானில் ஒவ்வொரு தேர்தலுக்கும் உள்ளாட்சி நிர்வாகமே தெருக்களில் பலகை நிறுத்தி, வேட்பாளர்களுக்கு எண்ணிட்ட கட்டங்களைச் சமமாகப் பிரித்துத் தருகிறது. பணமும் ஆள்கட்டும் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு இடம். மாட்டுத்தாவணியிலும் பெரியார் பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு வார்டு முனையிலும் அப்படியொரு பலகையை நிறுத்துவது மதுரை மாநகராட்சியின் சக்திக்கு உட்பட்டதே. தடுப்பதை மட்டுமே அறிந்த நம் விதிகளில், இடம் கொடுக்கும் விதி ஒன்றுகூட இதுவரை எழுதப்படவில்லை.

பட்டா நிலத்துக்கான நெறிமுறையோ உடனடித் தேவை. 2025 ஆகஸ்ட் 20 அன்று, தமிழக வெற்றிக் கழகத்தின் மாநில மாநாட்டுக்கு முந்தைய நாள், மதுரையை அடுத்த பாரபத்தியில் மாநாட்டுத் திடலில் நிறுத்தும்போது 100 அடிக் கொடிக்கம்பம் சரிந்து ஒரு காரை நசுக்கியது. காரில் ஆளில்லாததால் உயிர்கள் தப்பின. அதே மாநாட்டுக்காக விருதுநகர் மாவட்டத்தில் ஃபிளெக்ஸ் கட்டிய 19 வயது மாணவர் மின்சாரம் பாய்ந்து இறந்திருந்தார். விளம்பரப் பலகைக்கு உரிமம் கேட்பவர் கட்டுமான உறுதிக்குப் பொறியாளரின் சான்று இணைக்க வேண்டும். கொடிக்கம்பத்துக்கு அந்தச் சான்றை யார் தருவது, எந்த உயரத்துக்கு மேல் தருவது, மின்கம்பியிலிருந்து எத்தனை அடி தள்ளி நடுவது என்பவற்றை அரசு வகுக்கும் நெறிமுறை முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.